நான் வரைந்த படத்தை யார் வாங்குவார்?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி எழுதியது)

நம் பள்ளியில் படம் வரையத் தெரிந்த மாணவியருக்குப் பஞ்சமே இல்லை. அறிவியல் செய்முறை ஏட்டைப் புரட்டினாலே அது தெரியும். மார்கழி மாதத்தில் நம் தெருக்களின் வாசல்களைப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் வரைந்த படங்கள் பிறகு என்ன ஆகின்றன? ஆண்டு விழா வரை வகுப்பறைச் சுவரில் இருக்கும். அதன்பின் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, கட்டிலுக்கு அடியில் போய்விடும். சென்ற டிசம்பர் மாதம் கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி நம் பள்ளியில் நடந்த விற்பனை நாளில் எனக்கு அரை மேசை கிடைத்தது. கட்டிலுக்கு அடியில் இருந்தவற்றை எல்லாம் எடுத்துத் தூசி தட்டி, பதினொரு படங்களை அந்த மேசையில் பரப்பினேன்.

அன்று நாற்பது பேராவது என் மேசைக்கு முன் நின்றிருப்பார்கள். “நல்லா இருக்கே!” என்றார்கள். “நீயே வரைஞ்சியாம்மா?” என்றார்கள். மாலையில் எண்ணிப் பார்த்தபோது விற்றவை இரண்டே இரண்டு. இரண்டும் நாள்காட்டியைப் பார்த்து வரைந்தவை. ஒன்று பூங்கிளையில் அமர்ந்த மீன்கொத்தி, மற்றொன்று ஓர் அருவி. நானே பார்த்து, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உழைத்து வரைந்த எங்கள் ஊர் ஏரியை ஒருவரும் கேட்கவில்லை. மாலை வெயிலில் ஏரி, அதன் கரைச் சாலையில் ஷிப்டு முடிந்து திரும்பும் கம்பெனிப் பேருந்துகள், இதுதான் அந்தப் படம். ஓர் அம்மையார் மட்டும் அதைக் கையில் எடுத்து, “இது எந்த ஊர்?” என்றார். “நம்ம ஊர் ஏரிதான் ஆன்ட்டி” என்றேன். “அப்படியா!” என்று வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா காரணம் கேட்டார், சொன்னேன். அவர் ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறார். ஓவியத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆயினும் அவர் சொன்னதுதான் இக்கட்டுரைக்கு விதை.

“எங்க கம்பெனியில ஒரு பார்ட்டைப் பார்த்துட்டு ‘நல்லா இல்லை’ன்னு எழுதினா சூப்பர்வைசர் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பிடுவாரும்மா. எந்த இடத்துல, எவ்வளவு வித்தியாசம்னு எழுதணும்.”

“நல்லா இருக்குன்னு எழுதினா?”

“அதையும் யாரும் எழுத மாட்டோம். அளவு இவ்வளவு இருக்குன்னுதான் எழுதுவோம். அப்புறம் இன்னொண்ணு. தரம் பார்க்கிற மேசை வேற, விலை போடுற மேசை வேற. விலை போடுறவங்க எங்களைக் கேக்கறதே இல்லை.”

நான் அன்று இந்த இரண்டு மேசைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். விற்காததால் படம் மோசம் என்று நினைத்தேன். நாற்பது பேர் புகழ்ந்ததால் படம் நன்று என்றும் நினைத்தேன். இரண்டு நினைப்பும் ஒரே தலைக்குள் இருந்தால் சோறு எப்படி இறங்கும்?

பொங்கல் விடுமுறைக்குப் பின் ஒரு சனிக்கிழமை, எங்கள் ஓவிய ஆசிரியையும் அருட்சகோதரி ஒருவரும் மாணவியர் நால்வரைச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார்கள். தாம்பரத்தில் ஒரு பேருந்து, திருவான்மியூரில் இன்னொரு பேருந்து என்று மாறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கினோம். மரங்களுக்கு இடையே கல்லிலும் உலோகத்திலும் செய்த சிற்பங்கள் நிற்கின்றன. உள்ளே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, 2009இல் திறக்கப்பட்டது. விற்பனைக்கென்று தனிக் கூடங்களும் உண்டு. ஆனால் எனக்கு வியப்பளித்தது கட்டடங்கள் அல்ல, அந்தக் கிராமம் பிறந்த கதைதான்.

சென்னை எழும்பூரில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவரால் தொடங்கப்பட்டது. 1957 முதல் அதன் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். அவருக்கு ஒரு கவலை. கல்லூரியில் அருமையாக வரையும் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். புதுமுறை ஓவியங்களை வாங்குவோர் அந்நாளைய சென்னையில் மிகக் குறைவு. வயிற்றுப் பாட்டுக்கு ஏதோ ஒரு வேலைக்குப் போனால் வரைய நேரம் இல்லை. வரைந்துகொண்டே இருந்தால் வயிற்றுப் பாட்டுக்கு வழி இல்லை.

இதற்கு அவர்கள் கண்ட வழி பாத்திக். இது சாவகத் தீவில் புகழ்பெற்ற துணி ஓவிய முறை. உருக்கிய மெழுகால் பருத்தித் துணியில் கோலம் இட்டு, துணியைச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. நிறத்துக்கு ஒரு முறையாக மெழுகிட்டுச் சாயம் தோய்த்து, கடைசியில் வெந்நீரில் மெழுகை நீக்கிவிடுவார்கள். மெழுகு விரிசல் விட்ட இடங்களில் சாயம் புகுந்து நரம்பு நரம்பாகக் கோடுகள் விழும். அதுதான் இதன் அழகு. ஓவியத்தை விலைக்கு வாங்கத் தயங்கியவர்கள் பாத்திக் துணியைத் தயங்காமல் வாங்கினார்கள். கைவினைப் பொருள்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்து, விற்ற பணத்தைச் சேர்த்து, கடற்கரையோரம் ஏறத்தாழ பத்து ஏக்கர் மணல் நிலத்தை வாங்கினார்கள். 1966இல் கிராமம் பிறந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் அர்ணவாஸ், அனிலா ஜேக்கப் போன்ற பெண்களும் இருந்தார்கள் என்பதை நாம் சற்று உரக்கவே சொல்லலாம். பணிக்கர் 1977இல் காலமானார். கிராமம் இன்றும் இருக்கிறது.

கைவினைப் பொருள் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டது. ஆகவே ஓவியம் யாருடைய விருப்பத்துக்கும் வளைய வேண்டியதில்லை. அப்பா சொன்ன இரண்டு மேசைகளை இவர்கள் ஒரு கிராமமாகவே கட்டிவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் பேருந்தில் அருட்சகோதரியிடம் ஒரு சந்தேகத்தைக் கேட்டேன். கடவுள் கொடுத்த திறமையை விலைக்கு விற்பது சரியா? அவர் சிரித்துவிட்டு, “புனித பவுல் எதைச் செய்து பிழைத்தார்?” என்று திருப்பிக் கேட்டார். கூடாரம் செய்வது அவர் தொழில் என்பது திருத்தூதர் பணிகள் நூலில் இருக்கிறது. யாருக்கும் பாரமாக இராமல் தம் கையால் உழைத்து உண்டுகொண்டுதான் அவர் நற்செய்தி அறிவித்தார். (என் பாட்டி அவரைச் சின்னப்பர் என்றுதான் சொல்லுவார்.) அப்படியானால் அவருக்குக் கூடாரம், சோழமண்டலத்தாருக்குப் பாத்திக். ஓவியர்களுக்குப் பாதுகாவலர் புனித லூக்கா என்பதும், பரங்கிமலைக் கோயிலில் உள்ள மாதா படத்தை அவரே வரைந்தார் என்று ஒரு மரபு உண்டு என்பதும் அந்தப் பயணத்தில்தான் எனக்குத் தெரிந்தன.

இனி, கருத்துக் கேட்பது எப்படி என்பதற்கு வருகிறேன். இதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது.

வின்சென்ட் வான் கோ என்ற டச்சு ஓவியரின் பெயரை எல்லாரும் அறிவோம். 1885இல் அவர் ‘உருளைக்கிழங்கு உண்போர்’ என்ற படத்தை வரைந்தார். அதற்கு முந்தைய குளிர்காலம் முழுவதும் குடியானவர்களின் முகங்களை நாற்பதுக்குக் குறையாமல் வரைந்து பழகியிருந்தார். படத்தின் கல்லச்சுப் பிரதி ஒன்றைத் தம் நண்பரும் ஓவியருமான ஆந்தோன் வான் ரப்பார்ட்டுக்கு அனுப்பினார். நண்பர் பூசி மெழுகவில்லை. அந்தப் பெண்ணின் கை சரியில்லை, வலப்புறம் உள்ள மனிதனின் உடம்பு சரியில்லை என்று இடம் சுட்டிக் கடிதம் எழுதினார். வான் கோவுக்கு வந்த கோபத்தில் அந்தக் கடிதத்தையே திருப்பி அனுப்பிவிட்டார். நட்பும் முறிந்துபோயிற்று. ஆனால் அந்தக் கோடையில் அவர் என்ன செய்தார் தெரியுமா? உழைக்கும் குடியானவர்களின் முழு உருவங்களை விடாமல் வரைந்து பழகினார். கோபம் ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம். ரப்பார்ட் எழுதிய தொனி கடுமைதான், நானாக இருந்தால் அழுதிருப்பேன். ஆனாலும் “எங்கே, என்ன” என்று சொன்னவர் அவர்தான்.

நாற்பது பேர் எனக்குச் சொன்ன “நல்லா இருக்கு” என்பதில் எங்கே என்பதும் இல்லை, என்ன என்பதும் இல்லை. அது அவர்கள் குற்றம் அன்று. நான் கேட்ட கேள்வியே “எப்படி இருக்கு?” என்பதுதான். அதற்கு நம் ஊரில் வேறு பதில் கிடையாது. ஒரு குழந்தையிடம் போய் யார்தான் “நன்றாக இல்லை” என்பார்கள்?

ஆகவே கேள்வியை மாற்றினேன். ஏரிப் படத்தை எடுத்துக்கொண்டு நான்கு பேரிடம் தனித்தனியாகச் சென்றேன். ஓவிய ஆசிரியை, அப்பா, எங்கள் தெருவில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதும் மாமா, ஆறாம் வகுப்பில் படிக்கும் என் தங்கை. “முதலில் உங்கள் கண் எங்கே போயிற்று? பிறகு எங்கே நின்றுவிட்டது? எது பொய்யாகத் தெரிகிறது?” என்று மூன்றே கேள்விகள். அவர்கள் பேசும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கே ஒரு விதி. (இந்த விதியை நான்கில் இரண்டு முறை மீறினேன்.) ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் சொல்லாமல் தனித்தனியே எழுதி வைத்தேன்.

நான்கு தாள்களையும் அருகருகே வைத்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நால்வருமே பேருந்தைச் சொல்லியிருந்தார்கள். ஆசிரியை, “பேருந்தின் சக்கரங்களும் கரையும் வேறு வேறு தளத்தில் இருக்கின்றன” என்றார். பெயர்ப் பலகை மாமா, “வண்டி மஞ்சள் ரொம்ப கத்துதும்மா, தண்ணியைப் பார்க்க விடலை” என்றார். அப்பா, “பஸ்ஸு சாய்ஞ்சு நிக்குது” என்றார். தங்கை, “அக்கா, பஸ் ஏரிக்குள்ள விழப் போவுது” என்றாள். நான்கு விதமாகச் சொன்னாலும் நோய் ஒன்றுதான். வானத்தைப் பற்றியும் சில சொன்னார்கள். ஆனால் ஒருவருக்குப் பிடித்தது மற்றவருக்குப் பிடிக்கவில்லை. எனவே வானத்தை நான் தொடவில்லை. பலர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே பிழை இருக்கிறது. ஒருவர் மட்டும் காட்டினால் அது அவருடைய ருசியாகவும் இருக்கலாம்.

விலையைப் பற்றி இனி எழுதுகிறேன். விற்பனை நாளில் மீன்கொத்திக்கு 200 ரூபாய் என்று நான் எழுதியதற்குக் காரணம், பக்கத்து மேசையில் மெழுகுவர்த்தி 200 ரூபாய் என்று எழுதியிருந்ததுதான்! பிறகு அப்பாவுடன் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தாள் 25, மவுண்ட் அட்டை 45, வண்ணம் ஏறத்தாழ 20, ஆக 90 ரூபாய். மீதி 110. வரைய எட்டு மணி நேரம். மணிக்கு 14 ரூபாய்கூட இல்லை. “இந்தக் கூலிக்கு எங்க கம்பெனியில யாரும் வர மாட்டாங்க” என்றார் அப்பா. ஆனாலும் பழகுகிறவள் கூலியை எதிர்பார்க்கக் கூடாது, சாமான் செலவை மட்டும் விட்டுவிடக் கூடாது என்பது அவர் கருத்து. ஓவிய ஆசிரியை இன்னொன்று சொன்னார். ஒரே அளவுப் படங்களுக்கு ஒரே விலை வைக்க வேண்டும். நமக்குப் பிடித்த படத்துக்கு அதிகமும் பிடிக்காததற்குக் குறைவும் வைத்தால், வாங்குகிறவர் குழம்பிப்போவார். நான் ஏரிக்கு 500 என்று எழுதியிருந்தேன். அது அளவுக்கு வைத்த விலை அல்ல, என் ஆசைக்கு வைத்த விலை.

இன்னொரு காரணத்தை அம்மாதான் கண்டுபிடித்தார். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் ஏராளம். அவர்கள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். “சுவத்துல ஆணி அடிக்க வீட்டுக்காரங்க விடணுமே! இவ்ளோ பெரிய படத்தை எங்க மாட்டுவாங்க?” என்றார். எவ்வளவு உண்மை! மேசையில் நிறுத்தி வைக்கும் சிறிய படமோ, ஊருக்குப் போகும்போது பையில் வைக்கும் வாழ்த்து அட்டையோ என்றால் வாங்குவார்கள். ராஜா ரவி வர்மா இதைப் பெரிய அளவில் உணர்ந்தவர். அவருடைய எண்ணெய் ஓவியங்களை அரண்மனைகள்தான் வாங்க முடிந்தது. 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, அவற்றை வண்ண அச்சுப் படங்களாக வெளியிட்டார். அப்போதுதான் அவர் வரைந்த இலட்சுமியும் சரசுவதியும் ஏழை வீட்டுச் சுவர்களுக்கும் வந்தார்கள்.

பொருளைப் பற்றியும் ஒரு சொல். ஸ்கெட்ச் பேனாவில் வரைந்ததை விற்காதீர்கள். வெயில் படும் சுவரில் அதன் நிறம் விரைவில் வெளுத்துவிடும். போஸ்டர் கலரைக் கெட்டியாக அப்பினால் உலர்ந்தபின் உதிரும். இரண்டுக்கும் என்னிடம் அத்தாட்சி உண்டு, கட்டிலுக்கு அடியில்.

முதல் வாடிக்கையாளர் உறவினராக இருப்பதில் வெட்கம் ஏதும் இல்லை. வான் கோ வாழ்நாளில் ஒரே ஒரு படம்தான் விற்றார் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழு உண்மை அன்று. 1882இலேயே, ஆம்ஸ்டர்டாமில் படக்கடை வைத்திருந்த அவருடைய சித்தப்பா ஹேக் நகரக் காட்சிகள் பன்னிரண்டைப் பேனாவால் வரைந்து தரச் சொன்னார். படம் ஒன்றுக்கு இரண்டரை கில்டர் விலை. எல்லாரும் சொல்லும் அந்த ஒரு படம் ‘சிவப்புத் திராட்சைத் தோட்டம்’. 1890இல் பிரசெல்ஸ் நகரக் கண்காட்சியில் 400 பிராங்குக்கு அதை வாங்கியவர் அன்னா போக். அவரும் ஓர் ஓவியர்தான்.

இப்போது ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். விற்பனை நாளில் மீன்கொத்தியை வாங்கிய ஆன்ட்டி, அதே போல் இன்னும் மூன்று வேண்டும் என்று அம்மாவிடம் ஜனவரியில் சொல்லியனுப்பினார். மூன்றுக்கு 600 ரூபாய்! நல்ல பிரஷ் இரண்டும் கெட்டித் தாளும் வாங்க எனக்கு அவ்வளவுதான் தேவை. அப்பாவின் ஓவர்டைம் பணத்தைக் கேட்க வேண்டியிருக்காது. ஆனால் அந்தப் பறவை நாள்காட்டியில் வேறொருவர் எடுத்த நிழற்படம். பார்த்துப் பழகுவது வேறு, விற்பது வேறு என்றார் ஆசிரியை. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிழற்படத்துக்கும் பொருந்தும். ஓவியம் என்றால் வரைந்தவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. ரவி வர்மா 1906இல் காலமானவர் ஆதலால் அவர் படங்களைப் பார்த்து வரைந்து, அப்படியே குறிப்பிட்டு விற்கலாம். நாள்காட்டி மீன்கொத்தியை அப்படி விற்க முடியாது. டிசம்பரில் விற்ற இரண்டும் இந்த விதி தெரியாமல் விற்றவை.

மூன்று நாள் யோசித்தேன். பிறகு அப்பாவின் வார விடுமுறைக் காலைகளில் அவருடன் ஏரிக்கரைக்குப் போனேன். நாள்காட்டியில் இருந்தது ஆரஞ்சு வயிறு கொண்ட சிறு மீன்கொத்தி. நம் ஏரிக்கரையில் நான் கண்டது பழுப்புத் தலையும் வெள்ளை மார்பும் நீல முதுகும் நீண்ட சிவப்பு அலகும் உள்ளது. அது பூங்கிளையில் உட்காரவில்லை, மின்கம்பியில் உட்கார்ந்திருந்தது. உள்ளபடியே கம்பியோடு மூன்று படங்கள் வரைந்து, ஆன்ட்டியிடம் கொண்டுபோய்க் காரணத்தையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “காலண்டர்ல இருந்த மாதிரி இல்லையேம்மா” என்றார். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு 200 ரூபாய் கொடுத்தார். மீதி 400 ரூபாய் போனதில் எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பொய். ஒரு பிரஷ் மட்டும் வாங்கினேன்.

அந்த பிரஷால் ஏரிப் படத்தைப் புதிதாக வரைந்துகொண்டிருக்கிறேன். அளவு பாதியாகிவிட்டது, மேசையில் நிறுத்தலாம். பேருந்து ஒன்றே ஒன்று, மஞ்சளைக் குறைத்து, கரையோடு சரியாக நிறுத்தியிருக்கிறேன். தங்கை பார்த்துவிட்டு, “இப்ப விழாது” என்றாள். தண்ணீரில் பேருந்தின் நிழல் விழும் இடம் இன்னும் சரியாக வரவில்லை. அடுத்த ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்குப் போய் நின்று பார்க்க வேண்டும். படத்தின் பின்பக்கம் தேதியும், பென்சிலால் 250 என்றும் எழுதி வைத்திருக்கிறேன்.